பளிங்குச் சிலையில் சாய்ந்து நின்றவர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கும் திரை தெரிகிறது அல்லவா? பேச்சைத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் இந்த ஓவியத்தைப் பாருங்கள். நான் சும்மா இருக்கிறேன்.

ஒரு கறுப்பு மனிதர் நிற்கிறார். ஐம்பது வயது இருக்கலாம். குட்டையாக வெட்டிய, நரைகண்ட முடி. காதில் ஒரு வளையம். கருநீல மேலங்கி, கழுத்தில் வெள்ளைத் துணி, இடுப்பில் நீலமும் வெள்ளையும் சிவப்புமாக மூவண்ணக் கச்சை. முழங்கையைப் பின்னால் ஊன்றி, ஒரு மார்பளவுச் சிலையின் பீடத்தில் சாய்ந்திருக்கிறார். சிலை வெண்பளிங்கு, வழுக்கைத் தலையும் சுருக்கம் விழுந்த முகமுமாக ஒரு கிழவர். நிற்பவரின் பார்வை சிலைமீதும் இல்லை, நம்மீதும் இல்லை. தலையை நிமிர்த்தி எங்கோ தொலைவில் பார்க்கிறார்.

நிற்பவர் ழான்-பாப்டிஸ்ட் பெல்லே. சிலையாக இருப்பவர் ரெய்னால் என்ற எழுத்தாளர். வரைந்தவர் ஜிரோதே. ஆண்டு 1797. இன்று மாலை நான் பேசப்போவது இந்த ஓர் ஓவியத்தைப் பற்றித்தான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் பிரெஞ்சுப் புரட்சியை நடத்தியவன் நான். காரணங்கள் என்று தலைப்புப் போட்டு, வோல்டேர், ரூசோ, மாண்டெஸ்கியூ என்று மூன்று பெயர்களைக் கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். பேனா பிடித்த பெரியவர்கள் எழுதினார்கள், மக்கள் படித்தார்கள், புரட்சி வந்தது என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம். ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாள் இந்த ஓவியத்தின் அச்சுப்படம் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து அந்தப் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவனைப் போலவே உணர்கிறேன். விட்டுப்போன பாதியைத்தான் இங்கே சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் சிலைக்கு வருவோம். ரெய்னால் ஒரு பாதிரியார். 1770-இல் அவர் பெயரோடு சேர்ந்த ஒரு பெருநூல் வெளிவந்தது. இரண்டு இந்தியாக்களிலும் ஐரோப்பியர் நடத்திய வணிகத்தின் வரலாறு அது. இரண்டு இந்தியாக்கள் என்றால் கிழக்கே நாம், மேற்கே கரீபியத் தீவுகள். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனி செய்த வியாபாரமும் அந்த நூலுக்குள் வருகிறது. அதன் மிகச் சூடான பக்கங்கள் பலவற்றை எழுதியவர் ரெய்னால் அல்லர், திதெரோ. அடிமை வணிகத்தைக் கண்டித்து, ஒடுக்கப்பட்டவர்களுக்கு ஒரு தலைவன் வருவான் என்று எச்சரித்த நூல் அது. பாரிஸ் நீதிமன்றம் 1781-இல் அதை எரிக்கச் சொன்னது. நூலைப் பொதுவில் எரித்தார்கள். ரெய்னால் நாட்டைவிட்டு ஓடினார்.

திதெரோவைப் பற்றிச் சற்று நின்று பேசத்தான் வேண்டும். எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் உண்டு. லாங்ர் என்ற ஊரில் கத்தி செய்யும் கைவினைஞரின் மகன். 1749-இல் அவர் எழுதிய ஒரு நூலுக்காக வேன்சேன் கோட்டையில் சிறை வைத்தார்கள். வெளியே வந்தவர் 1751-இல் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியை வெளியிட்டார். 17 தொகுதிகள் எழுத்து, 11 தொகுதிகள் படம். 1759-இல் அரசு உரிமத்தைப் பறித்தது. கூட்டாளியாக இருந்த தாலம்பேர் ஏற்கெனவே விலகிவிட்டார். திதெரோ மட்டும் மறைவாக வேலையைத் தொடர்ந்தார். பிறகு ஒரு நாள், அச்சுக்குப் போன கட்டுரைகளைத் தன் பதிப்பாளரே இரவோடு இரவாக வெட்டிச் சிதைத்திருக்கிறார் என்று தெரியவந்தது. அந்த மனிதர் எப்படித் தாங்கினாரோ!

அந்தப் படத் தொகுதிகள் நூலகத்தில் எங்கே கிடைத்தாலும் புரட்டிப் பாருங்கள். குண்டூசி செய்கிறவர், கண்ணாடி ஊதுகிறவர், தோல் பதனிடுகிறவர், அச்சுக் கோக்கிறவர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் படம். மேலே பட்டறை, கீழே ஒவ்வொரு கருவியும் தனித்தனியாக, எண்ணும் எழுத்தும் இட்டு வரையப்பட்டிருக்கும். கத்திக் கொல்லரின் மகன் தொகுத்த நூல் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். மன்னரின் மகுடத்துக்குத் தந்த அதே கவனத்தை உளிக்கும் சுத்தியலுக்கும் தந்தது, என்னைப் பொறுத்தவரை, அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய கலகங்களில் ஒன்று.

ஆனால் அதே தொகுதிகளில் ஒரு கரும்பு ஆலையின் படமும் உண்டு. ஆலை, கொதிகலன், வரிசை வரிசையாகப் பானைகள். கோடுகளில் அத்தனை துல்லியம். அங்கே வேலை செய்தவர்களின் துயரம் மட்டும் அந்தக் கோடுகளில் ஏறவில்லை. இதே கலைக்களஞ்சியத்தில்தான் ழோகூர் என்பவர் அடிமை வணிகத்தைப் பற்றி எழுதினார். இத்தனை பேரைத் துன்பப்படுத்தித்தான் காலனிகள் வாழ வேண்டும் என்றால், அவை அழிந்தே போகட்டும் என்பது அவர் வாதம். அறிவொளிக் காலத்தை இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

அமெரிக்காவுக்கும் ஒரு நடை போய்வருவோம். ஊதோன் என்ற பிரெஞ்சுச் சிற்பி 1785-இல் பெஞ்சமின் பிராங்ளினோடு கப்பலேறி அட்லாண்டிக்கைக் கடந்தார். ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணையில் ஏறக்குறைய இரண்டு வாரம் தங்கி, அவர் முகத்தில் சாந்து பூசி அச்செடுத்தார். அந்தச் சிலை இப்போது ரிச்மண்டில், வர்ஜீனியா சட்டமன்றக் கட்டடத்தில் நிற்கிறது. பழைய வழக்கப்படி ரோமானியப் போர்வை உடுத்தாமல், தான் அணிந்த சொந்தச் சீருடையிலேயே நிற்கிறார். வாள் ஓரமாகத் தொங்குகிறது. காலுக்குப் பின்னால் ஒரு கலப்பை. போர் முடிந்ததும் அதிகாரத்தைக் கீழே வைத்துவிட்டு உழவுக்குத் திரும்பிய குடிமகன் என்பது அந்தச் சிலையின் பொருள். அதிகாரத்தை அவர் கீழே வைத்ததும் உண்மை, அதன் பெருமையும் உண்மை. ஆனால் மவுண்ட் வெர்னனில் அந்தக் கலப்பையைப் பிடித்த கைகள் யாருடையவை? 1799-இல் அவர் இறந்தபோது அந்தப் பண்ணையில் 317 பேர் அடிமைகளாக இருந்தார்கள். அவர்களில் தனக்குச் சொந்தமான 123 பேரை விடுவிக்கும்படி உயிலில் எழுதிவைத்தார். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776-இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் எழுதிய ஜெபர்சன், அடிமை வணிகத்துக்காக மன்னரைச் சாடும் ஒரு பத்தியையும் தன் வரைவில் வைத்திருந்தார். காங்கிரஸ் என்ற அமெரிக்கப் பிரதிநிதிகள் அவை அதை அடித்துவிட்டது. ஜெபர்சனும் அடிமைகளை வைத்திருந்தவர்தான்.

பாரிசுக்குத் திரும்புவோம். லூவ்ர் அரண்மனையில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சலோன் என்ற ஓவியக் கண்காட்சி நடக்கும். சீமாட்டியும் போவாள், மீன்காரியும் போவாள். 1785-இல் அங்கே ழாக்-லூயி டாவிட் ஓர் ஓவியத்தை வைத்தார். மூன்று சகோதரர்கள் கை நீட்டி நிற்க, தந்தை வாள்களைத் தூக்கிப் பிடிக்கிறார். நாட்டுக்காகச் சாவோம் என்று உறுதி ஏற்கிறார்கள். ஓரத்தில் பெண்கள் தலைசாய்ந்து அழுகிறார்கள். இதை வரையப் பணம் தந்தது பதினாறாம் லூயி மன்னரின் அரசு! எட்டு ஆண்டு கழித்து, அதே மன்னரின் மரண தண்டனைக்கு வாக்களித்தவர்களில் டாவிட்டும் ஒருவர்.

1793 ஜூலை 13 அன்று மாரா என்ற புரட்சித் தலைவரைக் குளியல் தொட்டியில் ஷார்லோத் கோர்தே கத்தியால் குத்திக் கொன்றாள். டாவிட் அதை வரைந்தார். பச்சைத் துணி போர்த்திய பலகை, கையில் கடிதம், தொங்கும் வலக்கை. ஓவியத்தின் மேல்பாதி முழுக்க வெறுமை. ஒரு தேவாலயத்தில் இயேசுவின் உடலை எப்படி வரைவார்களோ அப்படி ஒரு பத்திரிகையாளரை வரைந்தார். இந்த ஓவியத்தை எத்தனை முறை பார்த்தாலும் என் நெஞ்சு கனக்கிறது. ஆனால் அதே டாவிட், பொதுப் பாதுகாப்புக் குழு உறுப்பினராக, பலரைச் சிறைக்கும் சாவுக்கும் அனுப்பிய ஆணைகளில் கையெழுத்திட்டவர். கலை உயர்ந்தது என்பதற்காகக் கையெழுத்தை மன்னிக்க என்னால் முடியவில்லை.

அதே 1793 ஆகஸ்ட் 10 அன்று லூவ்ர் பொது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. மன்னர் குடும்பம் பூட்டிவைத்திருந்த ஓவியங்கள் குடிமக்களின் சொத்தாயின. புரட்சி கலைக்குச் செய்த நன்மைகளில் இதற்கு இணை வேறில்லை. அந்த ஆண்டின் நவம்பர் 3 அன்று ஒலாம்ப் தெ கூஜ் என்ற பெண் எழுத்தாளரைக் கில்லட்டினில் கொன்றார்கள். புரட்சி அவை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்துக்குப் பதில் சொல்லும் வகையில் 1791-இல் பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதியவர் அவர். கொலைமேடை ஏறப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்றால், பேச்சுமேடை ஏறவும் உரிமை இருக்க வேண்டும் என்று கேட்டார். முதல் மேடையை மட்டும் கொடுத்தார்கள். இரண்டாவது மேடையில் நின்றுகொண்டுதான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

இப்போது பெல்லே.

செனகல் கரையோரம் உள்ள கோரே தீவில் பிறந்ததாக அவரே சொன்னார். குழந்தைப் பருவத்தில் அடிமையாக சான் டொமிங் என்ற பிரெஞ்சுக் காலனிக்குக் கொண்டுவரப்பட்டார். இன்றைய ஹைட்டிதான் அது. உழைத்துச் சேர்த்த பணத்தில் தன்னைத்தானே விலைகொடுத்து வாங்கி விடுதலை பெற்றார். அந்தத் தீவில் 1789-இல் ஏறக்குறைய ஐந்து லட்சம் அடிமைகள். வெள்ளையர் நாற்பதாயிரத்துக்கும் குறைவு. ஐரோப்பாவின் சர்க்கரையிலும் காப்பியிலும் பெரும்பங்கு அங்கிருந்து போனது. மனிதர்கள் சுதந்திரமாகவே பிறக்கிறார்கள் என்று 1789 ஆகஸ்ட் 26 அன்று பிரகடனம் செய்த அவையிலேயே அந்தத் தீவின் தோட்ட முதலாளிகள் பிரதிநிதிகளாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த வாசகம் தங்கள் தோட்டத்துக்குப் பொருந்தும் என்று அவர்கள் எண்ணவே இல்லை.

தோட்டத்தில் இருந்தவர்கள் எண்ணினார்கள். 1791 ஆகஸ்டில் வடக்குச் சமவெளியின் கரும்பு எரிந்தது. எழுந்தவர்களில் மிகப் பலர் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள்; அங்கே போர் செய்து பழகியவர்களும் இருந்தார்கள். அவர்கள் யாரும் திதெரோவைப் படித்துவிட்டு எழவில்லை. சுதந்திரம் வேண்டும் என்று தெரிந்துகொள்ள அடிமைக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. இரண்டு ஆண்டுப் போருக்குப் பிறகு, ஸ்பெயினும் இங்கிலாந்தும் தீவைப் பறிக்கப் பார்த்த நெருக்கடியில், 1793 ஆகஸ்ட் 29 அன்று பிரெஞ்சு ஆணையர் சோந்தோனா வடக்கு மாகாணத்தில் அடிமைகளை விடுவித்தார். விடுவிக்காவிட்டால் காலனியே கையை விட்டுப் போயிருக்கும். அடுத்த மாதம் நடந்த தேர்தலில் பெல்லே பாரிசுக்கான பிரதிநிதியானார். அவரோடு மில்ஸ் என்ற கலப்பினத்தவர், துஃபாய் என்ற வெள்ளையர். ஒரே தீவிலிருந்து மூன்று நிறத்தார்.

1794 பிப்ரவரி 3 அன்று அவர்கள் தேசிய மாநாடு என்ற பிரெஞ்சு மக்களவைக்குள் நுழைந்தார்கள். மறுநாள் துஃபாய் தீவின் நிலையை எடுத்துச் சொன்னார். அடிமைமுறையை எல்லாக் காலனிகளிலும் ஒழிக்கும் தீர்மானம் எழுந்தது. விவாதம் வேண்டாம், விவாதித்தால் இந்த அவைக்கே இழிவு என்று குரல்கள் எழுந்தன. அவை எழுந்து நின்று ஏற்றது. பார்வையாளர் பகுதியில் ஒரு கறுப்புப் பெண் மகிழ்ச்சி தாங்காமல் மயங்கி விழுந்தாள். அவளை அழைத்துவந்து தலைவர் அருகில் உட்காரவைத்தார்கள். என் வகுப்பில் பாஸ்டில் சிறை விழுந்ததை எத்தனையோ முறை விவரித்திருக்கிறேன். இந்தப் பெண்ணைப் பற்றி ஒரு முறைகூடச் சொன்னதில்லை. அன்று புரட்சித் தலைவர் டான்டன் பேசியதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: இன்றோடு ஆங்கிலேயன் செத்தான் என்றார். போர்க் கணக்கும் அந்தக் கைதட்டலுக்குள் இருந்தது.

மீண்டும் திரையைப் பாருங்கள். ஜிரோதே டாவிட்டின் மாணவர். 1797-இல் இந்த ஓவியம் முதலில் காட்சிக்கு வந்தபோது, தலைப்பில் பெல்லேயின் பெயர் இல்லை. ஒரு கறுப்பரின் உருவப்படம் என்றுதான் போட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு சலோனில்தான் குடிமகன் பெல்லே, காலனிகளின் முன்னாள் பிரதிநிதி என்று வந்தது. ரெய்னால் அதற்குள் இறந்துவிட்டார். 1791-லேயே புரட்சி எல்லை மீறிவிட்டது என்று அவைக்குக் கடிதம் எழுதிக் கண்டித்தவர் அவர். ஆகவே இந்த ஓவியத்தை ஆசானும் மாணவனும் என்று படிப்பது எனக்கு ஒப்பவில்லை. எழுதியவர் பின்வாங்கிவிட்டார். எழுத்தைச் சொல்லுக்குச் சொல் உண்மையாக எடுத்துக்கொண்டவர்கள் முன்னே போய்விட்டார்கள். பெல்லேயின் உடல் சிலையில் சாய்ந்திருக்கிறது, முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. இது என் வாசிப்பு. மறுப்பவர்கள் பிறகு கேளுங்கள், பேசுவோம்.

டாவிட்டின் மாணவியான பெனுவா 1800-இல் ஒரு கறுப்புப் பெண்ணை வரைந்தார். வெள்ளைத் தலைத்துணி, நேராக நம்மைப் பார்க்கும் கண்கள். அவள் குவாடலூப் தீவிலிருந்து வந்த பணிப்பெண். பெயர் மதலேன். அந்தப் பெயர் ஓவியத்தின் தலைப்பில் ஏற 2019 வரை ஆயிற்று.

1802-இல் நெப்போலியன் அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவந்தார். குவாடலூப்பில் தெல்க்ரே என்ற அதிகாரியும் தோழர்களும் சரணடைய மறுத்து, வெடிமருந்துக்குத் தீவைத்துக்கொண்டு மாண்டார்கள். சான் டொமிங்கில் கறுப்பர்களின் தலைவரான டூசான் லூவெர்த்தூரைப் பிடித்துப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். 1803 ஏப்ரலில் ழூ கோட்டையின் குளிரில் இறந்தார். பெல்லே அப்போது அதே தீவில் பிரெஞ்சுக் காவல்படை அதிகாரி. குடியரசுக்கு எதிராக அவர் ஒரு சொல் பேசியவர் அல்லர். அவரையும் கைது செய்து பிரான்சுக்கு அனுப்பி, பெல்-ஈல் தீவில் அடைத்தார்கள். 1805-இல் அங்கேயே இறந்தார்.

அவர் விட்டுவந்த தீவில் பிரெஞ்சுப் படை தோற்றது. 1804 ஜனவரி 1 அன்று ஹைட்டி விடுதலையை அறிவித்தது. பெல்லே இறந்த அதே ஆண்டு மே மாதம் 20 அன்று அந்நாடு தன் முதல் அரசியல் சட்டத்தை வெளியிட்டது. அதன் இரண்டாம் பிரிவு இது: அடிமைமுறை என்றென்றைக்கும் ஒழிக்கப்பட்டது.