கோயில் பங்கு தொடங்கினது எந்த வருஷம்? சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, கடற்கரை ஊர்ல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. "எங்க ஊர்க் கோயில் கல்வெட்டுல முதல் பங்குச்சாமியார் 1900-க்கு அப்புறம் வந்ததா இருக்கு. பெரியவங்க நம்மது சவேரியார் காலத்துப் பங்குன்னு சொல்றாங்க. எது சரி?"

ரெண்டும் சரியா இருக்கலாம்மா. கல்வெட்டு சொல்றது, உங்க ஊருக்குன்னு ஒரு சாமியார் வந்து தங்கின வருஷம். பெரியவங்க சொல்றது சனங்களோட விசுவாசம் தொடங்கின கதை.

முத்துக்குளித்துறையில, அதாவது தூத்துக்குடியை ஒட்டின முத்துக்குளிக்கிற கடற்கரையில, பரதவ மக்கள் ஊர் ஊரா ஞானஸ்நானம் வாங்கினது 1536-ஐ ஒட்டி. ஆனா சொல்லிக்கொடுக்க ஆள் இல்ல. 1542-ல இயேசு சபைக் குருவான புனித பிரான்சிஸ் சவேரியார் வந்து "நீங்க என்ன விசுவசிக்கிறீங்க?"ன்னு கேட்டா, "நாங்க கிறிஸ்தவங்க"ங்கறதுக்கு மேல அவங்களுக்குச் சொல்லத் தெரியல. இதை அவரே கடிதத்துல எழுதியிருக்கார். அப்புறம் சிலரை உதவிக்கு வச்சு செபங்களைத் தமிழ்ல ஆக்கி, மனப்பாடம் பண்ணி, கையில மணியை ஆட்டிக்கிட்டே தெருத்தெருவா நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். அந்தப் பிள்ளைங்கதான் வீட்டுல அப்பா அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. அவரால போக முடியாத நோயாளி வீட்டுக்கு அவரோட செபமாலையை எடுத்துக்கிட்டு ஓடினதும் அந்தப் பிள்ளைங்கதான். எனக்கு இந்த இடத்தை எப்பப் படிச்சாலும் நெஞ்சு நிறைஞ்சிரும்.

ஒருத்தரே எத்தனை ஊருக்குப் போக முடியும்? அதனால ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை வச்சார். செபம் சொல்லிக்கொடுக்கணும், சாகக் கிடக்கிற குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுக்கணும். அவங்க சம்பளத்துக்கு, போர்ச்சுகல் ராணி கத்தரீனாளோட காலணிச் செலவுக்குன்னு இந்தக் கரையில இருந்து போய்க்கிட்டிருந்த 4000 பணத்தைக் கேட்டு வாங்கினார். பணம்ங்கறது அப்போ ஒரு நாணயத்தோட பேரு.

இந்த ஏற்பாடு பின்னாடி எவ்வளவு உதவிச்சுன்னு பாருங்க. 1658-ல டச்சுக்காரங்க தூத்துக்குடியைப் பிடிச்சு கத்தோலிக்கக் குருக்களை வெளியேத்தினாங்க. பால்தேயுஸ்ங்கற டச்சுப் போதகர் மக்களைத் தன் சபைக்கு மாத்தப் பார்த்தார், நடக்கல. மறுபடி 1773-ல திருத்தந்தையே சவேரியாரோட இயேசு சபையைக் கலைச்சிட்டார். மதுரை மிஷன்னு சொல்ற இந்தப் பக்கத்து மறைப்பணிக்கு இயேசு சபைக் குருக்கள் திரும்பி வந்தது 1838-ல. நடுவுல கோவாக் குருக்கள் இருந்தாங்க, ஆனா ஊருக்கு ஒருத்தர்னு ஏது? கோயிலைத் திறந்து, விளக்கேத்தி, சாயங்கால செபம் சொல்லி, செத்தவங்களை அடக்கம் பண்ணி வச்சது வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாரும் கணக்கப்பிள்ளையும் ஊர்ச் சனங்களும்தான்.

தூத்துக்குடி மறைமாவட்டமே 1923-லதான் உண்டாச்சு. அதுக்காக அங்க விசுவாசம் அந்த வருஷந்தான் தொடங்குச்சுன்னு யாராவது சொல்வாங்களா?

உங்க ஊருக்குத் தேடணும்னா, முதல்ல தாய்ப்பங்கு, அதாவது தனிப் பங்காகுறதுக்கு முன்னாடி உங்க ஊர் சேர்ந்திருந்த பங்கு, எதுன்னு கண்டுபிடிங்க. பழைய ஞானஸ்நானப் பதிவேடு அங்கதான் இருக்கும். பங்குத்தந்தைகிட்ட அனுமதி வாங்கிப் பாருங்க, தாளை மெதுவாப் புரட்டுங்க, பொடிஞ்சிரும். உங்க ஊர்ப் பேரு முதல்ல எந்தப் பக்கத்துல வருதுன்னு குறிச்சுக்கங்க. அப்படியே ஊர்ல வயசான பாட்டிமார்கிட்ட, "கணக்கப்பிள்ளை வீடுன்னு எந்த வீட்டைச் சொல்வாங்க?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.