வெறும் தரை வேண்டும்

(கிருஷ்ணகிரியில் புதுவீடு கட்டுகிறவர்களும் தச்சுத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், பட்டறையிலிருந்து நேராக வந்திருக்கும் ஆசாரிமார்களுக்கும் வணக்கம்.

மாசி, பங்குனியில் நம் ஊர்ப்பக்கம் எந்தக் கிராமத்துக்குள் நுழைந்தாலும் புளி தட்டுகிற சத்தம் கேட்கும். நான்கைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைத் தட்டி எடுப்பார்கள். அந்த வேலைக்கு ஒரு கல், ஒரு சுத்தி, உட்கார ஒரு மணை, பத்தடிக்குப் பத்தடி தரை போதும். அதே தரையில்தான் அறுப்பு முடிந்தால் கேழ்வரகு மூட்டை அடுக்குகிறோம். விசேஷத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் பாய் விரித்துப் படுப்பதும் அங்கேதான். நம் வீட்டுக் கூடம் ஒரே நாளில் நான்கு அறைகளின் வேலையைச் செய்கிறது.

எங்கள் ஸ்டுடியோவில் மரச்சாமான் வரைவதற்கு முன்னால் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: இந்தத் தரையில் காலையிலிருந்து இரவு வரை என்னென்ன நடக்கிறது? அதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் பென்சிலை எடுப்போம். பல வீடுகளில், புதிதாக எதையும் செய்யாமல், ஏற்கனவே இருப்பதில் ஒன்றிரண்டை வெளியே எடுப்பதே நல்லது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு வீடு. பத்துக்குப் பன்னிரண்டு கூடம். அதில் எல் வடிவ சோபா, கண்ணாடி டீப்பாய், டிவி ஸ்டாண்டு. நடக்க மிஞ்சியது இரண்டடிச் சந்து. வீட்டு அம்மாவுக்கு முட்டிவலி, அந்தத் தாழ்ந்த சோபாவில் உட்கார்ந்தால் யாராவது கைகொடுத்துத் தூக்க வேண்டும். அதனால் அவர் வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். சோபாவின் மேல் துவைத்த துணி குவிந்து கிடந்தது. காசு போட்டு வாங்கிய சாமான், வாங்கியவரையே வாசலுக்கு அனுப்பிவிட்டது. இதைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

தரையைக் காலியாக வைப்பதை ஒரு ஒழுக்கமாகவே கொண்டவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். ஷேக்கர்கள் என்ற கிறிஸ்தவச் சமூகம். 1774இல் இங்கிலாந்திலிருந்து போனவர்கள். அவர்கள் வீட்டுச் சுவர்களில் வரிசையாக மர முளைகள் அடித்திருப்பார்கள். பெருக்கும் நேரத்தில் நாற்காலிகளைத் தூக்கி அதில் மாட்டிவிடுவார்கள். சுவரில் மாட்ட வேண்டுமென்றால் நாற்காலி எடை குறைவாக இருக்க வேண்டும். எடை குறைய வேண்டுமென்றால் வேலை சுத்தமாக இருக்க வேண்டும். நாமும் பாயைச் சுருட்டி மூலையில் சாத்துகிறவர்கள்தானே, இது நமக்கு அந்நியமில்லை.

சரி, அப்படியானால் எங்கள் பட்டறையில் என்ன செய்கிறோம்? அதிகம் செய்வது ஒரு விசுப்பலகை. நான்கடி நீளம், பதினான்கு அங்குல அகலம், பதினேழு அங்குல உயரம். முட்டிவலி இருக்கிற வீட்டுக்கு உயரத்தைப் பதினெட்டாக்கிவிடுவோம். அந்த ஓர் அங்குலத்தில் எழுந்திருக்கிற சிரமம் எவ்வளவு குறைகிறது என்பதை, உட்கார்ந்து எழுந்து பார்த்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். இரண்டு பேர் உட்காரலாம். குழந்தை தரையில் உட்கார்ந்தால் அதுவே எழுதுகிற மேசை. இரண்டைச் சேர்த்துப் போட்டால் பகலில் ஒருவர் படுக்கலாம். எடை பத்துப் பதினோரு கிலோ. வீட்டு அம்மா ஒருவரே தூக்கித் திண்ணைக்குக் கொண்டுபோகலாம்.

அதன் அடியைக் குனிந்து பாருங்கள், அங்கேதான் வேலை இருக்கிறது. கால்களைச் சட்டத்தில் துளை போட்டுச் செருகியிருக்கும், ஆணி அடித்திருக்காது. மேல்பலகையைச் சட்டத்தோடு இறுக்கி ஒட்டவும் மாட்டோம். ஸ்குரூ போகும் ஓட்டை வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் இருக்கும். ஏனென்றால் மரம் மழைக்காலத்தில் ஈரம் குடித்து அகலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். நீளத்தில் அசைவது மிகக் குறைவு. ஐப்பசியில் கதவு பிடித்துக்கொள்வதும் சித்திரையில் தானாகச் சரியாவதும் இதனால்தான். நகர இடம் கொடுத்தால் பலகை விரிந்து சுருங்கிக்கொண்டு அப்படியே இருக்கும். அசையவிடாமல் ஒட்டினால் ஒருநாள் வெடிக்கும். இங்கே இருக்கிற ஆசாரிமார்களுக்கு இது தெரிந்த விஷயம். வாங்குகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எளிமை என்றால் மலிவாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். செதுக்கு வேலை இருக்கிற கட்டிலில் இணைப்பு கொஞ்சம் விலகியிருந்தால் பூவும் கொடியும் அதை மறைத்துவிடும். வெறும் பலகையில் மறைக்க ஒன்றுமே இல்லை. ஒரு நூல் இடைவெளி விட்டாலும் கண்ணில் படும். அதற்கு ஆகிற நேரத்துக்குக் கூலி கொடுக்க வேண்டும். ஆசாரியின் கூலியைக் குறைத்து எளிமை செய்வது எங்களுக்கு உடன்பாடில்லை.

விலை குறைவான பார்ட்டிக்கிள் போர்டு பற்றியும் பேசத்தான் வேண்டும். மரத்தூளையும் சிராய்களையும் பசையோடு அழுத்திச் செய்கிற பலகை அது. ஈரம் படாத இடத்தில், நகர்த்தாமல் வைத்தால் சில காலம் ஓடும். ஆனால் நாம் வெள்ளிக்கிழமை வீட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள். அடிவிளிம்பில் தண்ணீர் ஏறினால் பலகை உப்பிவிடும், உப்பியது திரும்ப இறங்காது. அப்புறம் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போன நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். வாடகை வீடு மாறும்போதெல்லாம் சாமான் குட்டியானையில் ஏறி இறங்குகிறது. ஒருமுறை கழற்றிய ஸ்குரூ அதே ஓட்டையில் மறுபடி இறுகாது. அந்த பீரோவைச் சரிசெய்யச் சொன்னால் எந்த ஆசாரியும் கையை விரித்துவிடுவார்.

கழற்றி மாட்டுவதே தப்பு என்று சொல்லவில்லை. 1859இல் வியன்னாவில் மைக்கேல் தோனெட் செய்த 14ஆம் எண் நாற்காலியைப் பாருங்கள். பீச் மரத்தை ஆவியில் வேகவைத்து வளைத்த ஆறே துண்டுகள், பத்து ஸ்குரூ, இரண்டு நட்டு. ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகளைக் கழற்றி அடுக்கிக் கப்பலேற்றினார்கள். 1930க்குள் ஐந்து கோடி விற்றது. அது நிற்பதற்குக் காரணம், ஸ்குரூ போவது கெட்டி மரத்தில்.

அவ்வளவு தூரம் போகாமல் புதுச்சேரிக்கே போகலாம். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதிக் கட்டடம், அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தது. அங்கே வேலையைப் பார்க்க 1937இல் வந்தவர் ஜார்ஜ் நகஷிமா, ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். கட்டடத்துக்குத் தேக்குச் சாமான்களும் அவர் வடிவமைத்தார். பின்னாளில் உலகம் கொண்டாடிய மரச்சாமான் கலைஞர் ஒருவருடைய தொடக்க கால வேலை நம் வெயிலுக்கும் நம் காற்றுக்கும் செய்யப்பட்டது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். ஒவ்வோர் அறையிலும் ஒருவர் வாழத் தேவையானது மட்டும், அதுவும் நல்ல மரத்தில்.

மரத்துக்கு வருகிறேன். எல்லாமே தேக்காக இருக்க வேண்டியதில்லை. வேம்பு இருக்கிறது, வாகை இருக்கிறது. நம் மாவட்டத்தில் காய்ப்பு ஓய்ந்த மாமரங்களை வெட்டினால் அது பழப்பெட்டிக்கும் விறகுக்கும் போகிறது. மாம்பலகையில் நல்ல சாமான் செய்யலாம். ஆனால் வண்டு விழும் மரம் அது. நன்றாக உலர்த்தாமல், மருந்து ஏற்றாமல் செய்தால் சில மாதங்களில் காலடியில் மாவு கொட்ட ஆரம்பிக்கும். வாங்கும்போது மருந்து ஏற்றியதா, எப்படி உலர்த்தியது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல பட்டறைக்காரர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

கடைசியாக, சீர்வரிசை. பெண்ணைப் பெற்றவர்கள் கடன் வாங்கி, ஊர் பார்க்கும்படி வண்டியில் ஏற்றி அனுப்புகிற கட்டிலும் பீரோவும் டிரெஸ்ஸிங் டேபிளும் போய்ச் சேருவது பெரும்பாலும் ஒரே படுக்கையறை இருக்கிற வாடகை வீட்டுக்கு. ஆறுக்கு ஆறரை கட்டில் போட்டபின் பீரோவின் கதவை முழுதாகத் திறக்க முடியாத அறைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் பக்கவாட்டில் நகர்ந்து துணி எடுக்கிறார்கள். சீர் கொடுக்கத்தான் வேண்டுமா என்பது வேறு பேச்சு, அதில் என் கருத்து, கொடுக்க வேண்டாம் என்பதுதான். கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டவர்களிடம் மட்டும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தையில் கல்யாணம் வைத்திருந்தால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய், அறையின் நீள அகலத்தையும் நிலைப்படியின் அகலத்தையும் டேப் பிடித்து அளந்துவிடுங்கள். மாடி வீடாக இருந்தால் படி திரும்புகிற இடத்தையும் அளக்க வேண்டும், கட்டில் பெரும்பாலும் அங்கேதான் மாட்டும். அந்த அளவோடு எந்தப் பட்டறைக்கு வேண்டுமானாலும் போங்கள். எங்களிடம் வந்தாலும் சரி, விசுப்பலகையின் வரைபடத்தைக் காசில்லாமல் தருகிறோம், உங்கள் ஊர் ஆசாரியிடமே கொடுத்துச் செய்துகொள்ளலாம்.