வண்டின் மூச்சும் மாத்திரையின் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம். கிடங்கில் அரிசி மூட்டை அடுக்கைத் தார்ப்பாயால் மூடி, நச்சு வாயு விடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை டன்னுக்கு மூன்று வைத்து ஏழு நாள் விடுகிறார்கள். பிரித்தால் வண்டெல்லாம் செத்துக் கிடக்கிறது. சில வாரத்தில் அதே அடுக்கில் மறுபடி வண்டு ஊர்கிறது. உடனே மருந்து போலி என்று பேச்சு. பெரும்பாலும் மருந்தில் குறையிருக்காது. அரிசிக்குள் கிடந்த முட்டையும் கூட்டுப்புழுவும் போதிய வாயுவை இழுக்காமல் தப்பியிருக்கும்.

மூன்று கிராம் மாத்திரை ஒரு கிராம் பாஸ்பீன் வாயுவைத் தரும். அது பூச்சியின் உடலுக்குள் போக ஆக்சிஜனும் வேண்டும். வேகமாகச் சுவாசிக்கும் பூச்சி சீக்கிரம் சாகும். சோம்பிக் கிடப்பது பிழைக்கும். அதனால்தான் பூச்சியின் மூச்சை அளக்கிறோம்.

இருபது வண்டுகளை எடைபோட்டுக் கண்ணாடிக் குப்பியில் விட்டு, 30 டிகிரியில் அரை மணி நேரம் அடங்க விட வேண்டும். கையாண்ட பதற்றத்தில் அவை கூடுதலாகச் சுவாசிக்கும். பிறகு காற்றுப் புகாமல் மூடி, ஒரு மணி நேரம் கழித்து ஊசியால் காற்றை உறிஞ்சி, சேர்ந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை அகச்சிவப்புக் கருவியில் அளக்கலாம். அரிசிக்குள் இருக்கும் புழுவை அளக்கும்போதுதான் கணக்கு தவறும். ஈர அரிசியும் அதிலுள்ள பூஞ்சையும் சுவாசிக்கும். அதே ஈரப்பதமுள்ள, பூச்சியில்லாத அரிசியைத் தனிக் குப்பியில் அளந்து கழிக்காவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

கூட்டுப்புழுவின் சுவாசம் நடுப்பருவத்தில் வெகுவாகத் தாழ்ந்து, வண்டாக வெளிவரும் முன் ஏறும். வெப்பநிலை பத்து டிகிரி குறைந்தால் பூச்சியின் சுவாசம் ஏறத்தாழ பாதியாகும். குளிர்காலத்தில் மூடிவைக்கும் நாளைக் கூட்டச் சொல்வது இதனால்தான்.

மாத்திரையைக் கூட்டினால் போதாதா என்று கேட்பார்கள். வாயு மிகுந்தால் பூச்சி மயங்கி, அதை உள்ளிழுப்பதும் குறையும். நாளைக் கூட்டினால் முட்டை பொரிந்து புழுவாகி, வாயுவிடம் சிக்கும். பாஸ்பீனுக்குச் சாகாமல் தாங்கும் வண்டுகளில் 2012இல் கண்டறிந்த மரபணு மாற்றமும், சுவாசத்தின் வழியே உணவிலிருந்து ஆற்றல் எடுக்க உதவும் நொதி ஒன்றில்தான் இருந்தது.

இந்த மாத்திரை வீட்டு அரிசிக்கு அல்ல. மனிதரையும் கொல்லும், மாற்று மருந்து கிடையாது. கிடங்கிலும் பயிற்சி பெற்றவர் மட்டுமே கையாளலாம். அவர்கள் முதல் நாளோடு நிறுத்தாமல் கடைசி நாளும் வாயுவை அளக்கட்டும். அளவு விழுந்திருந்தால், தார்ப்பாயின் மூலைகளில் மணல் பைகள் வாயு கசிய இடைவெளி விடாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இருக்கின்றனவா என்று முதலில் பார்க்கவும்.