நம்மட ஆள் உள்ளுக்க இருக்கிறார்

வணக்கம் நேயர்களே. சிறைச்சாலைகள்ல நலன்புரி வேலை பாத்து ஓய்வுக்கு வந்த ஆள் நான். ஜெயிலைப் பற்றிக் கதைக்கச் சொன்னா தப்பி ஓடின கதை, அடிபட்ட கதை எண்டுதான் எல்லாரும் எதிர்பாப்பாங்க. நான் கதைக்கப் போறது உள்ளுக்க வேலை செய்யிறவருக்கும் கைதிக்கும் நடுவில இருக்க வேண்டிய இடைவெளியைப் பற்றி. அது எங்கட ஊருக்குத்தான் நல்லாப் பொருந்தும், ஏனெண்டா திருகோணமலை எவ்வளவு பெரிய ஊர் சொல்லுங்கோ? உப்புவெளியில ஒருத்தரைப் பிடிச்சா மட்டிக்களியில அவற்ற சித்தப்பா இருப்பார், கிண்ணியாவில கூடப் படிச்சவர் இருப்பார், இதில ஆரோ ஒருத்தர் ஜெயில் கார்டா இருப்பார். உடன வீட்டில சொல்லுவாங்க, "பயப்பிடாதீங்க, நம்மட ஆள் உள்ளுக்க இருக்கிறார்" எண்டு.

அந்த இடத்திலதான் பிரச்சினை தொடங்குது. கைதி கேக்கிறதுக்கு முதலே நாங்க, வெளியில இருக்கிறவங்க, கேட்டுடுறம்.

சரி, ஒரு கதை சொல்லுறன். இது எங்கட நாட்டுக் கதை இல்ல, அமெரிக்காவில நியூயோர்க் மாநிலத்தில, கனடா எல்லைக்குக் கிட்ட டனமோரா எண்டொரு ஊர், அங்க கடும் பாதுகாப்பு ஜெயில் ஒண்டு. 2015 ஜூன் 6, விடியக் காலமை எண்ணிப் பாத்தா ரெண்டு பேர் இல்ல. ரிச்சர்ட் மாட், டேவிட் ஸ்வெட், ரெண்டு பேரும் கொலைக் கேஸ். கட்டில்ல ஆள் படுத்திருக்கிற மாதிரி உடுப்பைச் சுத்தி வச்சிட்டு, இரும்புச் சுவரை அறுத்து, பெரிய நீராவிக் குழாயை அறுத்து, அதுக்குள்ளால ஊர்ந்து போய் ரோட்டில மேன்ஹோல் மூடியைத் திறந்து வெளிய வந்திருக்கிறாங்க. போகேக்க "நல்ல நாளா அமையட்டும்" எண்டு சீட்டு வேற ஒட்டிட்டுப் போனவங்கள்!

இரும்பு அறுக்கிற வாள் எப்பிடி உள்ளுக்க வந்தது? அங்கதான் என்ட கதை. தையல் பகுதியில வேலை பழக்கின ஜோய்ஸ் மிச்செல் எண்ட பொம்பிள, முதல்ல வீட்டில செய்த தின்பண்டம் குடுத்திருக்கிறா, பிறகு லைட் வச்ச மூக்குக் கண்ணாடி, பிறகு வாள் அலகு. அந்த அலகை அரைச்ச மாட்டிறைச்சிக்குள்ள வச்சு உறைய வச்சிருக்கு. இறைச்சியைக் கொண்டுபோய்க் குடுத்தது ஜீன் பாமர் எண்ட கார்ட். அவர் மெட்டல் டிடெக்டரில போடேல்ல, உள்ளுக்க அலகு இருக்கிறது தனக்குத் தெரியாது எண்டார். தெரியாமலே இருந்திருக்கட்டும், ஏன் போடேல்ல? மாட் நல்லாப் படம் கீறுவான். பாமருக்குப் படம் கீறிக் குடுத்திருக்கிறான், இவர் அவனுக்குச் சாயம், தூரிகை எண்டு சாமான் குடுத்திருக்கிறார். படம் வாங்கின கை எப்பிடிப் பார்சலைப் பிரிச்சுப் பாக்கும், சொல்லுங்கோ? மாட்டைச் சுட்டுக் கொண்டுட்டாங்க, ஸ்வெட்டைச் சுட்டுப் பிடிச்சாங்க, பாமருக்கு ஆறு மாசம், மிச்செலுக்கு ரெண்டு வருசமும் நாலு மாசமும் தொடங்கி ஏழு வருசம் வரைக்கும்.

இதில ஆரும் முதல் நாளே வாள் கேக்கேல்ல, கவனிச்சீங்களா. தின்பண்டம், படம், ரெண்டு நல்ல வார்த்தை. எங்கட பக்கம் அது பீடியா இருக்கும், போனுக்கு ரீலோடா இருக்கும், "சேர், அம்மாட்ட நான் சுகமா இருக்கிறன் எண்டு மட்டும் சொல்லிடுங்கோ" எண்டு இருக்கும். ஒரு சின்ன உதவியை மறைச்சுச் செய்தா, அடுத்ததைக் கேக்க அவனுக்கு மிரட்டவே தேவையில்ல, முந்தினதை மெல்ல ஞாபகப்படுத்தினாப் போதும். அதனாலதான் புதுசா வாற பொடியளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது: நீ செய்யிற உதவியை அடுத்த டியூட்டிக்கு வாறவனுக்குச் சத்தமாச் சொல்லலாமா? சொல்லலாமெண்டா செய். தெரிஞ்ச ஆள் உள்ளுக்க வந்தா அண்டைக்கே ஜெயிலரிட்டச் சொல்லு, எழுதிக் குடு, வேற வார்டுக்குப் போட்டுவிடச் சொல்லு. தெரியாத மாதிரி நடிக்கிறதில பிரயோசனம் இல்ல, பின்னேரமே சந்தையில அவன்ட மாமியைக் காணுவாய்.

உடன நீங்க கேப்பீங்க, அப்ப மனிசத்தன்மை? நல்ல கேள்வி. தென்னாபிரிக்காவில ரொபன் தீவு ஜெயில்ல மண்டேலாவுக்குக் காவலா இருந்த கிறிஸ்டோ பிரான்ட் எண்ட வெள்ளைக்காரப் பொடியன், மண்டேலாவின்ட மனிசி வின்னி மறைச்சுக் கொண்டுவந்த பேரப்பிள்ளையைக் களவா உள்ளுக்கக் கொண்டுபோய்க் கிழவன்ட கையில குடுத்திருக்கிறான். வின்னிக்கும் சொல்லேல்ல. மண்டேலாவும் வெளிய விடேல்ல. என்ட அளவுகோலில போட்டா இது பிழை, சத்தமாச் சொல்ல ஏலாத உதவி. ஆனா பிரான்டைக் குற்றம் சொல்ல என்ட வாய் வரமாட்டுது. பிள்ளையைத் தூக்கிப் பாக்க விடாத சட்டத்திலதான் பிழை எண்டு நினைக்கிறன். சட்டம் கல்லா இருந்தா நல்ல கார்டும் களவா நடக்க வேண்டி வருது, பிறகு நல்ல களவு எது, கெட்ட களவு எது எண்டு ஆர் பிரிக்கிறது? வீட்டுக்கு ஒழுங்கா ஒரு கோல் எடுக்க வழி இருந்தா அரைவாசிப் பேர் கார்டிட்டப் போன் கேக்க மாட்டாங்க. எங்கட சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம் 1877ம் ஆண்டு எழுதினது, அதுக்கு மேல திருத்தம் திருத்தமா ஒட்டி ஓட்டுறம்.

தங்கச்சி கண்ணாடிக்கு அங்கால இருந்து கையைக் காட்டுறா, நேரம் போட்டுதாம். பெண்கள் வார்டைப் பற்றி விரிவாச் சொல்ல வந்தனான், கடகடவெண்டு சொல்லிடுறன். கைதிகளை எப்பிடி நடத்தோணும் எண்டு சொல்லுற ஐநாவின்ட மண்டேலா விதிகள், அதே 2015ல திருத்தி வந்தது, 81ம் விதி சொல்லுது பெண் கைதிகளைப் பெண் உத்தியோகத்தர்தான் பாக்கோணும், ஆம்பிள உத்தியோகத்தர் போறதெண்டாப் பெண் ஒருத்தர் கூடப் போகோணும். ஆம்பிள உத்தியோகத்தரோட பழக அந்தக் கைதிப் பிள்ளை ஓமெண்டு சொன்னாலும் அது சம்மதம் இல்ல, திறப்பு ஆரிட்ட இருக்கு எண்டு பாருங்கோ. 40ம் விதி, 2015ல வந்த அதே விதிகள்ல, மற்றக் கைதியைத் தண்டிக்கிற அதிகாரத்தை ஒரு கைதிக்குக் குடுக்கக்கூடாது, அதைப் பற்றி நிறையக் கதைக்க இருக்கு, இன்னொரு நாள் கூப்பிட்டா வாறன். பார்சல் குடுக்கப் போறவங்க கியூவில நிண்டு பேரைப் பதிஞ்சே குடுங்கோ, தெரிஞ்ச கார்ட்டை வீட்டில போய்த் தேடாதீங்க. வணக்கம்.