பெட் ஆறு, ஒன்றுமில்லை

அனைவருக்கும் வணக்கம். செவிலியர் கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரே அரங்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

இரவு டியூட்டி. பகல் டியூட்டி முடித்த மூத்த செவிலியர் அக்கா எனக்கு ஹேண்டோவர் கொடுத்தார், அதாவது நோயாளிகளின் விவரங்களைச் சொல்லிப் பொறுப்பை ஒப்படைத்தார். பதினெட்டு நோயாளிகள். நடந்துகொண்டே சொல்லி வந்தார். ஆறாவது படுக்கையில், “பெட் ஆறு, குடலிறக்க ஆபரேஷன், ஒன்றுமில்லை, நல்லா இருக்கார்” என்றார். நான் தலையாட்டினேன். அடுத்த படுக்கைக்குப் போய்விட்டோம்.

நள்ளிரவு தாண்டியதும் அந்தப் பெரியவர் புரள ஆரம்பித்தார். போர்வையை உதறினார், எழுந்து உட்காரப் பார்த்தார். வயதானவர், புது இடம், தூக்கம் வரவில்லை போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். மூன்று மணிக்குத்தான் அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. முதுகில் ஊசி போட்டுச் செய்த அறுவை சிகிச்சை அது. அதற்கப்புறம் அவர் ஒருமுறைகூடச் சிறுநீர் கழிக்கவில்லை. டியூட்டி டாக்டரை அழைத்துக் குழாய் போட்டோம். பெரியவர் தேறிவிட்டார். காலையில் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பெரியவர் சிறுநீர் கழிக்காதது அக்காவுக்குத் தெரியும். சாயங்காலமே கவனித்திருக்கிறார், என்னிடம் சொல்லவும் நினைத்திருக்கிறார். ஹேண்டோவர் நடுவில் போன் அடித்தது, அது விட்டுப்போனது. பல ஆண்டுகள் அந்தத் தவறை அவர் கணக்கிலேயே எழுதி வைத்திருந்தேன். பாடம் நடத்த வந்த பிறகுதான் உறைத்தது: நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. “சிறுநீர் போனாரா?” இரண்டே சொல். ஒப்படைப்பில் இரண்டு பேர் இருக்கிறார்கள். நாம் பயிற்சி கொடுப்பது பேசுகிறவருக்கு மட்டும். மெய்நிகர் கருவிகளைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள், பேசுகிறேன். ஆனால் என் மனதில் இருப்பது வாங்கிக்கொள்கிற அந்த இரண்டாவது ஆள்தான்.

வாய்மொழியாகச் சொல்லும் தகவல் எவ்வளவு வேகமாகக் கரைகிறது தெரியுமா? 2005இல் பிரிட்டனில் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு. கற்பனையான 12 நோயாளிகளின் விவரங்களை ஒரு செவிலியர் அடுத்தவருக்கு, அவர் அதற்கடுத்தவருக்கு என்று ஐந்து சுற்று கடத்தினார்கள். வாயால் மட்டும் சொன்னபோது கடைசியில் மிஞ்சியது 2.5 சதவீதம். குறிப்பு எடுத்துக்கொண்டபோது 85.5 சதவீதம். அச்சிட்ட தாளும் கையில் இருந்தபோது 99 சதவீதம். சிறிய ஆய்வுதான், அதை வைத்து உலகத்தை அளக்க முடியாது. ஆனாலும் அந்த 2.5ஐப் படித்த அன்று இரவு எனக்கு அந்தப் பெரியவரின் முகம்தான் ஞாபகம் வந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2007இல் நோயாளி பாதுகாப்புக்கு ஒன்பது தீர்வுகளை முன்வைத்தது. அதில் ஒன்று, ஒப்படைப்பின்போது நடக்கும் தகவல் பரிமாற்றம். அங்கே பரிந்துரைக்கப்பட்ட முறைகளில் ஒன்றுதான் நீங்கள் பாடத்தில் படிக்கும் எஸ்பார் (SBAR). நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்த பழக்கத்தைக் கைசர் பெர்மனென்டே மருத்துவக் குழுமத்தினர் மருத்துவமனைக்கு ஏற்றபடி மாற்றியது அது. சுருக்கமாக, வரிசை மாறாமல் பேசவேண்டும் என்ற தேவை கப்பலுக்கும் உண்டு, வார்டுக்கும் உண்டு.

எஸ்பார் நல்ல கருவி. ஆனால் அந்த நான்கு படியும் பேசுகிறவருடையவை. ஐ-பாஸ் (I-PASS) என்று இன்னொரு முறை இருக்கிறது. அதில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு படி. கடைசி எழுத்துதான் என் கண்ணில் பட்டது: கேட்டவர், தான் புரிந்துகொண்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லவேண்டும், கேள்வி கேட்கவேண்டும். 2014இல் வெளியான ஆய்வில், ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில், 10,740 நோயாளி அனுமதிப்புகளில் இதைச் சோதித்தார்கள். மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்தன. தடுக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்தன. ஒப்படைப்புக்கு ஆகும் நேரம் குறிப்பிடும்படி கூடவில்லை. “இதுக்கெல்லாம் எங்கே நேரம்” என்று கேட்பவர்களுக்கு இந்தக் கடைசி வரியைக் காட்டுங்கள். அது பயிற்சி மருத்துவர்களிடம் நடந்த ஆய்வு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஆனால் திருப்பிச் சொல்வது எந்தச் சீருடைக்கும் பொருந்தும்.

சரி, இதை எப்படிக் கற்றுக்கொடுக்கிறோம்? வகுப்பில் இரண்டு மாணவிகளை எதிரெதிரே நிற்க வைக்கிறோம். ஒருத்தி தாளைப் பார்த்து வாசிக்கிறாள், மற்றவள் சரி சரி என்கிறாள். அறை அமைதியாக இருக்கிறது. தோழிக்குச் சிரிப்பு வருகிறது. வார்டுக்குப் போனாலோ, ஹேண்டோவர் நடக்கும்போது மாணவி பின்வரிசையில் நிற்கிறாள். எட்டிப் பார்க்கலாம், வாய் திறக்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முழுப் பொறுப்பும் அவள் தலையில். நடுவில் இருக்கும் பள்ளத்தை நாம் நிரப்பவே இல்லை.

விஆர் ஹெட்செட், அதாவது கண்ணை மூடி மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் கருவி, அந்தப் பள்ளத்தில் என்ன செய்யும் என்பதை ஒரு காட்சியாகச் சொல்கிறேன். மாணவி மாட்டிக்கொள்கிறாள். நான்கு படுக்கை வார்டு. தலையைத் திருப்பினால் வார்டும் திரும்புகிறது. எதிரே ஒரு மெய்நிகர் செவிலியர், டியூட்டி முடிந்து கிளம்பும் அவசரத்தில். பேச ஆரம்பிக்கிறார். மூன்றாவது படுக்கையில் மணி அடிக்கிறது. உறவினர் ஒருவர் நடுவில் வந்து “டாக்டர் எப்போ வருவார்?” என்கிறார். செவிலியர், “ட்ரிப் இப்பத்தான் மாத்தினேன்” என்கிறார். ஆனால் பாட்டில் காலியாகப் போகிறது. நோயாளியின் மணிக்கட்டில் ஒவ்வாமையைக் காட்டும் சிவப்புப் பட்டை இருக்கிறது, அதைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. “பொட்டாசியம் ரிசல்ட் வரணும்” என்கிறார். யார் வாங்கிப் பார்ப்பது, குறைவாக இருந்தால் யாரிடம் சொல்வது என்று சொல்லவில்லை.

வேண்டுமென்றே ஓட்டை வைத்த ஒப்படைப்பு இது. மாணவியின் வேலை பேசுவது அல்ல. கேட்பது, பார்ப்பது, இடைமறிப்பது. “ஒரு நிமிஷம் அக்கா, பாட்டில் முடியப்போகிறதே” என்று சொல்லும் துணிச்சல் எந்தப் புத்தகத்திலும் வராது. மூத்தவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லியே வளர்க்கப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்தத் தயக்கத்தை யாருக்கும் காயம் படாத இடத்தில் பத்து முறை உடைத்துப் பார்க்க அவர்களுக்கு ஒரு வாய்ப்பு வேண்டும்.

அப்புறம் கடிகாரத்தை நான்கு மணி நேரம் தள்ளுகிறோம். மெய்நிகர் வார்டில் இது ஒரு பொத்தான்தான். கேட்காமல் விட்ட கேள்வி இப்போது படுக்கையில் படுத்திருக்கிறது. பொட்டாசியம் முடிவு யாரும் பார்க்காமல் கிடக்கிறது, மானிட்டரில் இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறது. உண்மையான வார்டில் ஒப்படைப்புக்கும் விளைவுக்கும் நடுவில் எத்தனையோ வேலைகள் வந்து, எது எதனால் வந்தது என்றே தெரியாமல் போய்விடும். இங்கே காரணமும் விளைவும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. எனக்கு மூன்று மணிக்குக் கிடைத்த பாடம், யாருக்கும் வலிக்காமல் அவளுக்குக் கிடைக்கிறது.

இன்னொன்றும் உண்டு. விஆரில் நான் அதிகம் மதிப்பது இதைத்தான். நடந்த காட்சியைப் பதிவு செய்து, நோயாளியின் படுக்கையிலிருந்து மறுபடி பார்க்க வைக்கலாம். மாணவி படுத்த நிலையில் மேலே பார்க்கிறாள். இரண்டு பேர் தன் தலைக்கு மேலே, தன்னைப் பற்றி, தன்னைப் பார்க்காமலே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒரு குரல் அவளுடையது. நோயாளியையும் ஒப்படைப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் மணிக்கணக்கில் பேசியும் இறங்காதது இந்த இரண்டு நிமிடத்தில் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஹெட்செட்டைக் கழற்றியதும் ஒரு மாணவி கேட்டாள்: “அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவரே சொல்லியிருப்பார், இல்லையா மேடம்?” என் பெரியவரும் சொல்லியிருப்பார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும். கண் ‘நகர்கிறோம்’ என்கிறது, உள்காது ‘இல்லை’ என்கிறது, அதனால் வருவது. அதற்காக ஒரு தடவைக்குப் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் நான் வைப்பதில்லை. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர் அதே காட்சியைக் கணினித் திரையில் செய்யட்டும், மதிப்பெண் குறைக்காதீர்கள். மெய்நிகர் முகங்கள் இன்னும் விறைப்பாகத்தான் இருக்கின்றன. உதடு நடுங்குவதையும் சோர்வையும் மனிதர் முகத்தில்தான் படிக்கவேண்டும். பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருள், நாம் பேசும் கலப்பு மொழியில் அடிக்கடி தடுமாறும். சரியாகச் சொன்ன மாணவியைத் தவறு என்று அது சொன்னால், அங்கே ஆசிரியர் இருக்கவேண்டும்.

2014இல் அமெரிக்காவில் பத்து நர்சிங் கல்வித் திட்டங்களில் நடந்த ஆய்வு ஒன்றை இந்தக் கருவிகளை விற்பவர்கள் உங்களிடம் காட்டக்கூடும். மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதி வரை தரமான பாவனைப் பயிற்சியாக, அதாவது நிஜம் போலச் செய்து பார்க்கும் பயிற்சியாக, மாற்றினாலும் மாணவர்களின் தேர்ச்சி குறையவில்லை என்று அது காட்டியது. நல்ல ஆய்வு. ஆனால் அது ஹெட்செட்டைப் பற்றியது அல்ல. பயிற்சி பெற்ற ஆசிரியர்களும், காட்சி முடிந்ததும் நடக்கும் முறையான கலந்துரையாடலும் அதில் இருந்தன. அந்த இரண்டும் இல்லாமல் கருவியை மட்டும் வாங்கினால் அது அலமாரியில்தான் இருக்கும்.

கலந்துரையாடலுக்கு நான் காட்சியைப் போல இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குகிறேன். “ஏன் விட்டாய்?” என்று கேட்டால் மாணவி மூடிக்கொள்வாள். “அந்த நேரத்தில் உன் கண் எங்கே இருந்தது? என்ன நினைத்தாய்?” என்று கேளுங்கள். சில ஹெட்செட்டுகள் பார்வை போன இடத்தையும் பதிவு செய்யும். அதைக் குற்றப்பத்திரிகையாக நீட்டாமல், சேர்ந்து பார்க்கும் படமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி இல்லாத கல்லூரிகள் காத்திருக்க வேண்டாம். இரண்டு நாற்காலி, ஒரு படுக்கை, நடுவில் அடிக்க ஒரு போன் போதும். ஓட்டை வைத்த ஒப்படைப்பை ஒரு ஆசிரியர் பேசட்டும். கேட்கிறவருக்கு மதிப்பெண் போடுங்கள். மூன்றாவது ஒருவர் படுக்கையில் படுத்துக் கேட்கட்டும்.

பக்கத்து அறையில் இரண்டு ஹெட்செட்டுகள் தயாராக இருக்கின்றன. இடைவேளைக்குப் பிறகு மாணவர்கள் முதலில் வாருங்கள். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் முறை வரும்போது பேசுகிறவராக உட்காரவேண்டாம், வாங்கிக்கொள்கிறவராக உட்காருங்கள். ஆறாவது படுக்கையில் ஒரு பெரியவரை வைத்திருக்கிறேன். அவரைப் பற்றி அந்தச் செவிலியர் “ஒன்றுமில்லை” என்றுதான் சொல்லுவார்.