பைப்பு கெட்டியா இருந்தா நல்ல பைப்பா?

எல்லாருக்கும் வணக்கம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப்பு பத்தி பேசுங்கன்னு ரேடியோவுல கூப்பிட்டாங்க, இத எவன் உக்காந்து கேப்பான்னு தான் மொதல்ல நெனச்சேன், ஆனா இப்ப ஹட்டன்ல இருந்து பதுளை வரைக்கும் எந்தப் புது வீட்டப் பாத்தாலும் மாடிப்படி கைப்பிடி அதுல தான், கோயில்ல கியூ கம்பி அதுல தான், பால் பேக்டரிக்குள்ள பாலே அதுக்குள்ள தான் ஓடுது.

ஹாட்வெயார் கடையில நம்ம ஆளுங்க பைப்ப கையில எடுத்து ஒரு தட்டு தட்டிப் பாத்துட்டு "நல்ல கெட்டிண்ணே, இதையே போடுங்க"ன்னு சொல்லுவாங்க. ஆனா ஸ்டாண்டர்டு புத்தகத்தப் பொரட்டுனா கதை வேற. ஏ.எஸ்.டி.எம்.ங்குற அமெரிக்க அமைப்பு போட்ட ஏ213ன்னு பாய்லர் டியூபுக்கு ஒரு ஸ்டாண்டர்டு இருக்கு, அதுல 304ங்குற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிரேடுக்கு ஹார்ட்னஸ், அதாவது கெட்டித்தனம், அத அளக்குற ராக்வெல் பி ஸ்கேல்ல 90க்கு மேல போகக் கூடாதுன்னு தான் போட்டிருக்கு. இதுக்குக் கீழ எறங்கக் கூடாதுன்னு இல்ல, இதுக்கு மேல ஏறக் கூடாதுன்னு!

ஏன்னா இந்த 304 இருக்கே, 18 சதவீதம் குரோமியம் 8 சதவீதம் நிக்கல் போட்டது, அத வளைக்க வளைக்க, இழுக்க இழுக்க எறுகிக்கிட்டே போகும், எறுகுன பைப்ப மறுபடி வளைச்சா வெடிப்பு விட்டுரும். அதனால பேக்டரியில 1040 டிகிரிக்கு மேல சூடாக்கி டக்குன்னு ஆற வைப்பாங்க, அப்ப தான் எளகும். நம்ம கவ்வாத்து கத்திய ஆசாரி என்ன பண்றாரு, காய்ச்சி தண்ணியில முக்குனா கத்தி எறுகுது. இங்க அதே வேலைய செஞ்சா பைப்பு எளகுது! கார்பன் கூடுன இரும்புக்கும் இதுக்கும் குணமே தலைகீழ். கைப்பிடி மாதிரி அலங்கார வேலைக்கு வர்ற பைப்ப வெல்டு பண்ணதோட அப்படியே அனுப்பலாம், இந்த சூடு கட்டாயம் இல்ல, அதனால அதுல கொஞ்சம் எறுக்கம் கூட இருக்கும்.

சரி, எப்படி அளக்குறாங்க? ராக்வெல் பி-ன்னா ஒரு அங்குலத்துல பதினாறுல ஒரு பங்கு விட்டம் உள்ள சின்ன உருண்டைக் குண்ட பைப்பு மேல வச்சு அமுக்குறது, மொதல்ல 10 கிலோ பாரத்துல லேசா ஒக்கார வைக்கணும், அப்புறம் மொத்தம் 100 கிலோவுக்கு ஏத்தணும், திரும்ப 10க்கு எறக்கி குண்டு எவ்வளவு கூடுதலா உள்ள போச்சுன்னு பாக்கணும். ஆயிரத்துல ரெண்டு மில்லிமீட்டர் ஆழம் ஒரு பாயிண்ட், 130ல இருந்து கழிச்சுக்கிட்டே வரணும். அப்ப 90 காட்டுனா ஆழம் 0.08 மில்லிமீட்டர், 80 காட்டுனா 0.1.

சிக்கலே இங்க தான். குண்டுல அளந்தா பைப்பு தகடு அந்த ஆழத்தப் போல 15 மடங்காவது தடிப்பா இருக்கணும். 80 காட்டுற பைப்புக்கு 1.5 மில்லிமீட்டர் வேணும், ஆனா கடையில வாங்குற கைப்பிடி பைப்பு 1, 1.2ன்னு தான் இருக்கு, அதுல 100 கிலோவ வச்சா மெல்லிசா தட்டுன ரொட்டி மாவுல விரல அமுக்குன மாதிரி தான், விரல் பலகையத் தொட்டுரும், நாம அளக்குறது மாவையா பலகையையா? நல்ல டெக்னீஷியன் டெஸ்ட் முடிஞ்சதும் பைப்போட உள்பக்கத்தப் பாப்பாரு, அங்க புடைப்பு தெரிஞ்சா அந்த நம்பர தூக்கிப் போட்டுருவாரு. மெல்லிசு பைப்புக்குன்னே 30டின்னு இன்னொரு ஸ்கேல் இருக்கு, 3 கிலோவுல தொடங்கி 30 கிலோவோட நிக்கும். அதோட உருண்டை மேல குத்துறதால நம்பர் கொறச்சலா தான் காட்டும், சின்ன பைப்புக்கு டேபிள் பாத்து கூட்டிக்கணும். உள்ள தாங்கல் குடுக்காம வெத்து பைப்ப அமுக்குனா பைப்பு தான் நசுங்கும்.

வெல்டு ஓரத்த பாக்கணும்னா ராக்வெல் குண்டு பெருசு, அதுக்கு விக்கர்ஸ்னு இன்னொரு ஹார்ட்னஸ் டெஸ்ட் இருக்கு. ஒரு வளையம் வெட்டி, பாலிஷ் போட்டு, வைர பிரமிடால குத்தி மைக்ராஸ்கோப்புல மூலைக்கு மூலை அளப்பாங்க. வெல்டுல இருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் வரிசையா குத்திக்கிட்டே போனா எங்க எளகுச்சு எங்க எறுகுச்சுன்னு படம் மாதிரி தெரியும். மெனக்கெட்ட வேலை, ஆனா எனக்கு ரொம்பப் புடிச்சது இது தான்.

இன்னொன்னு, வளைச்ச எடத்துல காந்தம் லேசா ஒட்டுச்சுன்னு கடைக்காரரோட சண்டைக்கு போகாதீங்க, சாதாரணமா காந்தம் ஒட்டாத 304, எறுகுனா கொஞ்சம் ஒட்டும். நிக்கல் கொறச்சு மாங்கனீசு கூட்டுன 201 பைப்பும் காந்தத்துல ஒட்டாது, கெட்டியாவும் இருக்கும், ஆனா நுவரெலியா மழைக்கும் பனிக்கும் 304 அளவுக்குத் தாங்காது, சீக்கிரம் துரு பூக்கும். அந்த வித்தியாசத்த எந்த ஹார்ட்னஸ் மெஷினும் சொல்லாது, கெமிக்கல் டெஸ்ட் தான் சொல்லும். பெருசா பைப்பு எடுக்குறீங்கன்னா மில் சர்டிபிகேட், அதாவது பேக்டரி குடுக்குற டெஸ்ட் பேப்பர், அதக் கேளுங்க, அதுல உள்ள ஹீட் நம்பரும், அதாவது ஸ்டீல உருக்குன தடவைக்குப் போடுற நம்பரும், பைப்பு மேல அடிச்ச நம்பரும் ஒன்னான்னு பாருங்க, ஹார்ட்னஸ் எந்த ஸ்கேல்ல எடுத்ததுன்னும் பாருங்க, வெறும் நம்பர மட்டும் போட்டிருந்தா திருப்பிக் குடுத்துட்டு ஸ்கேல் எழுதி வாங்குங்க.