கொடுத்த சீர் யாரிடம் திரும்பும்?

வணக்கம் நேயர்களே. கல்யாணத்தில் கைமாறும் பொருளைப் பற்றிப் பேச்சு வந்தால், எத்தனை பவுன், எத்தனை லட்சம், எத்தனை மாடு என்றுதான் முதலில் கேட்கிறோம். ஒரு சமூகத்தின் வழக்கத்தை எடைபோட நான் வேறு கேள்வி கேட்பேன். மணம் முறிந்தால், அல்லது ஒருவர் இறந்துபோனால், அந்தப் பொருள் யாரிடம் போய்ச் சேரும்?

பழைய ரோமில் சீதனத்தை நிர்வகித்தவன் கணவன். ஆனால் இத்தாலியில் உள்ள சீதன நிலத்தை மனைவியின் சம்மதம் இல்லாமல் விற்கக் கூடாது என்று அகஸ்டஸ் காலத்திலேயே சட்டம் வந்தது. 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் இன்னும் ஒரு படி போனார்: மணம் முடிவுக்கு வந்தால் நிலத்தை உடனடியாகவும், மற்ற பொருள்களை ஓராண்டுக்குள்ளும் திருப்ப வேண்டும்.

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரம் 1425இல் மகள்களின் சீதனத்துக்கென்றே ஒரு சேமிப்பு நிதி தொடங்கியது. தகப்பன் சிறு வயதிலேயே மகள் பேரில் பணம் போடுவான். கல்யாணத்துக்குப் பின் அது பெருகி மருமகன் கைக்கு வரும். இடையில் பெண் இறந்துவிட்டால் போட்ட முதலும் போய்விடும் என்பது ஆரம்ப விதி. குழந்தைகள் சர்வசாதாரணமாக இறந்துகொண்டிருந்த காலத்தில் யார் துணிந்து போடுவார்கள்? 1433இல் முதலைத் திருப்பித் தருவதாக விதியை மாற்றிய பிறகுதான் நிதி சூடு பிடித்தது.

இஸ்லாமியத் திருமணத்தில் மஹர் மாப்பிள்ளை கொடுப்பது; வாங்குபவள் மணப்பெண்; அவள் தகப்பனுக்கு அதில் உரிமை இல்லை. ஒரு பகுதியை உடனே கொடுத்து, மீதியைப் பின்னால் தருவதாக எழுதலாம். அந்த மீதி கணவன் மேல் உள்ள கடன். அவன் இறந்தால், வாரிசுகள் பங்கு பிரிக்கும் முன் அதைத் தீர்க்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் லோபோலாவில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்கு மாடோ, அதற்கு ஈடான பணமோ தருகிறார்கள். பேரம் பேசுவது பெரியவர்கள்; செலுத்துவது பெரும்பாலும் தவணையில். பொருள் அவள் வீட்டாரிடம் இருப்பதால், பிரிவு வந்தால் வழக்கு இரண்டு குடும்பங்களுக்கு இடையே நடக்கும்.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். டச்சுக்காரர்கள் 1707இல் எழுத்தில் பதிய வைத்த தேசவழமை என்னும் யாழ்ப்பாணத் தமிழர் வழக்கச் சட்டத்தில், சீதன உறுதி, அதாவது சீதனப் பத்திரம், மகள் பேரில் எழுதப்படும். காணியும் நகையும் அவளுடையவை. அவள் பிள்ளையில்லாமல் இறந்தால் அவை பிறந்த வீட்டுப் பக்கமே திரும்பும். சிக்கல், கூடவே ரொக்கமாகப் போகும் 'டொனேசன்'. அது மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் கைக்குப் போய், அவனுடைய தங்கைக்குச் சீதனமாக அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடும். திருப்பிக் கேட்டால் எங்கிருந்து வரும்?

தமிழ்நாட்டிலும் இதே ஓட்டைதான். "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்பார்கள். தொகை சொல்லாத கேட்பு அது. மறைமுகமாகக் கேட்பதும் 1961 வரதட்சணைத் தடைச் சட்டப்படி குற்றம். கேட்காமல் கொடுக்கும் அன்பளிப்புக்குச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் பட்டியல் வேண்டும். 1985 விதிகளின்படி பெண்ணுக்கு வந்ததை அவளும், மாப்பிள்ளைக்கு வந்ததை அவரும் எழுதி வைக்க வேண்டும்: பொருளின் விவரம், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு. இருவரும் கையெழுத்திட வேண்டும். மொய் நோட்டை ஒரு ரூபாய் விடாமல் எழுதுகிற நம் வீடுகளில் இந்தப் பட்டியலை எழுதுபவர்கள் மிகக் குறைவு.

நகை விஷயத்தில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "பத்திரமா நான் வெச்சிருக்கேன்" என்று மாமியார் வாங்கி வைப்பார். அப்படி ஒப்படைத்தாலும் உரிமை மாறாது, திருப்பித் தராவிட்டால் நம்பிக்கை மோசடி என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் உருக்கி வேறு நகை செய்துவிட்டால் எது யாருடையது என்று எப்படிக் காட்டுவது? பெண் பேரில் ரசீது வாங்குங்கள். கிராம் எடையும், ஹால்மார்க்கில் உள்ள ஆறு இலக்க எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடும் அதில் இருக்கட்டும். முடிந்தால் லாக்கரும் அவள் பேரிலேயே.

வரதட்சணையை வேறு யார் வாங்கியிருந்தாலும், வாங்கிய தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் பெண்ணிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது அதே 1961 சட்டத்தின் 6ஆம் பிரிவு. கல்யாணத்துக்கு முன் வாங்கியதற்குக் கல்யாணத் தேதியிலிருந்து மூன்று மாதம் கெடு. கொடுத்தவர்களும் குற்றவாளிதானே என்று பயந்து புகார் தராமல் இருப்பவர்கள் பலர். பாதிக்கப்பட்டவர் தரும் வாக்குமூலத்தை வைத்து அவர் மேல் இந்தச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது.

இன்னொரு தாள் பிறந்த வீட்டிலிருந்தே வரும். "உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே" என்று அண்ணன் தம்பிகள், சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவள் எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தை நீட்டுவார்கள். 2005 திருத்தத்துக்குப் பிறகு இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. போட்ட நகை அந்தப் பங்கை அழித்துவிடாது. அழிப்பது பத்திரத்தில் அவள் போடும் கையெழுத்துத்தான். எந்தச் சொத்து, எவ்வளவு பரப்பு, இன்றைய மதிப்பு என்ன என்பதைக் கேட்டு, பதிவு நாளுக்கு முன்பே நகலை வாங்கிச் சொந்தமாக ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட வேண்டும்.